தனித்தொகுதியில் எது தனி?

தோழர்களே, தேர்தல் வந்தால் கட்சிக்காரன் சேரிக்குள் வந்து, "உங்க ஆளைத்தானே நிறுத்தியிருக்கோம்" என்கிறான். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. எங்க ஆளா? யார் பொறுக்கிய ஆள்? பதில் 1932-இல் இருக்கிறது.

அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். தாழ்த்தப்பட்டோருக்கு இரட்டை ஓட்டு. ஒன்று, நாம மட்டுமே ஓட்டுப் போட்டு நம்மவரைத் தேர்ந்தெடுக்க. இன்னொன்று, பொதுத்தொகுதியில் போட. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம்ம ரெட்டமலை சீனிவாசனும் வாதாடியதன் பலன் அது. அந்த இரண்டாவது ஓட்டுக்காக ஊர்க்காரனும் சேரிக்கு வந்து கும்பிட்டிருப்பான்.

விட்டார்களா? முஸ்லிம்களுக்கும் சீக்கியர்களுக்கும் தனி வாக்காளர் தொகுதி தந்ததற்காகப் பட்டினி கிடக்காத காந்தியார், நமக்குத் தந்ததும் செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அவர் உயிர் போயிருந்தால் அடி எந்தத் தெருவில் விழுந்திருக்கும்னு நான் சொல்லணுமா? 24-ஆம் தேதி பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் கையெழுத்துப் போட்டார். சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் போட்டார்கள்.

"இடம் கூடிச்சே, சென்னை மாகாணத்தில் 18 இருந்தது 30 ஆச்சே" என்பார்கள். ஆச்சுதான். நாற்காலி கூடியது, அதில் யாரை உட்கார வைப்பது என்ற அதிகாரம் கைமாறியது. நாமே முதலில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் ஒப்பந்தத்தில் இருந்தது. அதற்கும் பத்தாண்டுக் கெடு. இன்றைய தனித்தொகுதியில் அதுவும் கிடையாது.

விளைவு? 1952 பொதுத்தேர்தலில், பம்பாய் வடக்கில், அரசியல் சட்டத்தை எழுதிய அம்பேத்கரே தோற்றார். ஒதுக்கப்பட்ட இடத்தைக் காங்கிரஸ் நிறுத்திய தலித் வேட்பாளர் பிடித்தார். 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் அண்ணலுக்குத் தோல்விதான்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234-இல் 44 இடம் நமக்குத் தனி. அதில் எது தனி? நிற்கிறவர் மட்டும்தான். ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டு, நிறுத்துவது கட்சித் தலைமை. அப்புறம் சேரி எரியும்போது உறுப்பினர் வாய் திறக்கலைன்னு கோபப்பட்டு என்ன புண்ணியம்? அவர் வாய்ப்பூட்டின் சாவி நம்ம கையில் இல்லையே!

நாற்காலிக் கணக்குப் பேசியது போதும் தோழர்களே. பறிபோனது ஓட்டு. இரட்டை வாக்குரிமையைத் திரும்பக் கேட்போம்.