வெயில் மட்டும் போதாது



நெய்வேலி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குவார்ட்டர்ஸ் தோட்டத்து வெயிலில் கிடக்கும் நாய்க்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பவர்கள் இங்கே அதிகம். ஆனால் நாய், பூனையின் தோல் வெயிலில் அந்த வைட்டமினைப் போதிய அளவு தயாரிப்பதில்லை. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கால்சியமும் அப்படித்தான்; வெறும் கறியும் சோறுமாக வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைகிறது. உடனே பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து ரத்தத்தில் கால்சியத்தின் அளவைச் சரிக்கட்டிவிடும். மொத்தக் கால்சியம் மட்டும் பார்த்தால் ரிப்போர்ட் ‘நார்மல்’, குட்டியோ நொண்டும். அயனிக் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தை, உறையாமலிருக்க ஈடிடிஏ சேர்த்த குழாயில் எடுத்தால் அந்த ரசாயனமே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

சோதிக்காமல், மருத்துவர் நமக்கு எழுதித் தந்த 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது இன்னும் மோசம். 10 கிலோ நாய்க்கு ஒன்றே நஞ்சாகலாம். கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இந்தச் சோதனைகளுக்காக நாயைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை தூக்கிச் செல்வது எல்லோராலும் ஆகாது. நகரியத்திலேயே ரத்தம் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அங்கே அனுப்ப, நகரியத்தை நடத்தும் என்எல்சி நிர்வாகமும் கால்நடைத் துறையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், நெய்வேலி நகரியம்