ஒன்றும் ஆகவில்லையே!

காலை நேரம். பள்ளி மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடங்களே உள்ளன. தந்தை ஒருவர் தம் மகளைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு ஸ்கூட்டரை எதிர்த்திசையில் செலுத்துகிறார். முறையான வழியில் சென்றால் அரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும். போக்குவரத்துக் காவலர் நிறுத்தியதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல், "ஒன்றும் ஆகவில்லையே!" என்பதுதான்.

நம் சாலைகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம் இது. ஆனால் சட்டம் இதை ஏற்பதில்லை. அது சரியே.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. பிழையான ஓட்டுதல் அனைத்தையும் அச்சட்டம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. வகை பிரித்துப் பார்க்கிறது. வேக வரம்பை மீறுவது ஒரு வகை. கார் போன்ற இலகுரக வாகனமாயின் அதற்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம். ஆபத்தான முறையில் ஓட்டுவது அதனினும் கடுமையான வகை. சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுதல், விதிக்கு மாறாக முந்துதல், எதிர்த்திசையில் செல்லுதல் ஆகியன இதில் அடங்கும். முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது கலந்திருக்க ஓட்டினால் முதன்முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இவற்றுள் எதிலும் "எவரேனும் காயமடைந்தால்" என்னும் நிபந்தனை இல்லை. கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கப் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டமோ அந்த நாள் வரும்வரை காத்திருப்பதில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவதே அதன் நோக்கம்.

ஒருவழிச் சாலையைக் கடக்கும் மூதாட்டி, வண்டிகள் வரவேண்டிய பக்கத்தை மட்டுமே பார்த்துக் காலெடுத்து வைப்பார். முன்பின் அறியாதவர் விதியை மதிப்பார் என்னும் நம்பிக்கையே சாலையில் அவருக்குத் துணை. எதிர்த்திசையில் வருபவர் அந்த நம்பிக்கையை உடைக்கிறார். ஒன்றும் ஆகாமல் போனது அவருடைய திறமையால் அன்று. மூதாட்டி அன்று ஒரு நொடி தாமதித்ததால்தான்.

அபராதம் ஏழைகளை வாட்டுகிறது என்பர் சிலர். நாட்கூலி பெறுபவருக்கு 1000 ரூபாய் பெருந்தொகை என்பது மெய்யே. திரும்பும் வழி தொலைவில் இருப்பதும், அறிவிப்புப் பலகை மறைந்து கிடப்பதும் அரசு திருத்த வேண்டிய குறைகளே. ஆயினும் சாலையின் குறைக்கு அந்த மூதாட்டி விலை கொடுக்க இயலாது. நடந்து செல்பவர்களுள் பலரும் ஏழைகளே அல்லவா?

மாணவர்கள் சிறப்பாக அறிய வேண்டிய பிரிவும் ஒன்றுண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முறையாக முயன்றோம் என்றோ அவர்கள் மெய்ப்பிக்காவிட்டால், மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அச்சிறுவருக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. "தெருமுனைக் கடைவரைதானே!" என்று சாவியை எடுக்கும் கை இதை நினைக்க வேண்டும்.

சென்னையிலும் தில்லியிலும் இச்சட்டம் ஒன்றே. ஆனால் எல்லாத் தெருவிலும் காவலர் நிற்க இயலாது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் மகள் நாள்தோறும் தந்தையிடம் ஓட்டும் முறையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் தந்தைக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும். "சுற்றியே போகலாம், அப்பா, ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம்" என்று அவள் சொன்னால் போதும்.