பறைத்தறி எங்கே போனது?

“எங்கப்பாரு தறி நெஞ்சவரு” என்று பாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை. நெசவு என்றால் கைக்கோளர், சாலியர், தேவாங்கர். நம் ஆட்கள் என்றால் வயல் கூலிகள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கைத்தறிக் கண்காட்சிகளும் வேறு எதையும் சொன்னதில்லை.

ஆய்வுக்காக இடைக்கால வரிகளைப் பற்றிப் படித்தபோதுதான் ‘பறைத்தறி’ என்ற சொல் கண்ணில் பட்டது. பறையர் நெய்த தறிக்கும் அரசு வரி வாங்கியிருக்கிறது. இன்றைய பட்டியல் சாதிகளில் ஒன்றான கோலியரும் நெசவாளர்களே. வரி வாங்கும்போது நினைவிருந்த தறி, பாரம்பரியம் பேசும்போது மட்டும் மறந்துபோனது எப்படி?

நெய்த துணியின் பயணம் இன்னும் நீளமானது. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில், கட்டம் போட்ட பருத்தித் துணி நம் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். கலபாரிப் பெண்கள் அதை அப்படியே உடுத்திவிடவில்லை. நெய்த துணியில் சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, புதிய வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ‘பெலெடெ பிடெ’. இழவு வீட்டில் சடலம் கிடத்தும் கட்டிலை இந்தத் துணிகளாலும் அலங்கரிப்பார்கள். எங்கோ நெய்த துணி, அவர்கள் கைபட்டு அவர்களுடையதாகிவிட்டது. ‘தூய பாரம்பரியம்’ என்று எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதையும் வெறும் அழகுக் கதையாக்கிவிட வேண்டாம். ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. கலபாரித் தரகர்களும் அந்த வணிகத்தில் இருந்தார்கள். இங்கே சாதியால் கீழே தள்ளப்பட்டவர்களின் உழைப்பு, அங்கே மனிதர்களுக்கு விலையானது. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லாபம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. நெசவாளர் எல்லாருமே இன்று கூலி போதாமல்தான் தவிக்கிறார்கள். ஆனால் சேலைக்கு ஊர்ப்பெயர் தரும் நாம், நூல் நூற்றவர், பாவு ஓட்டியவர், சாயம் முக்கியவர், துணி வெளுத்தவர் யாரென்று கேட்பதில்லை. அருங்காட்சியகத்தில் துணிக்கு அருகே வைக்கும் குறிப்பில் நூற்றாண்டு இருக்கும், ஊர் இருக்கும், அரசன் பெயர்கூட இருக்கும். உழைத்த சாதிகள் இருக்காது.

அந்தக் குறிப்புகள் திருத்தி எழுதப்பட வேண்டும். பாடப்புத்தகத்தில் பறைத்தறி இடம்பெற வேண்டும். நம்மைத் தொழிலற்றவர்களாக, திறனற்றவர்களாகக் காட்டுவதும் சாதி செய்யும் வேலைதான். நம் கையிலிருந்து தறி போன கதையை நாம்தான் தேடி எழுத வேண்டும்.

பாட்டி இப்போது இல்லை. அவர் அப்பா என்ன துணி நெய்தார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்.