பாலத்தின் நிழல் யாருக்குச் சொந்தம்?

ஒரு பாலம் திறக்கப்படும்போது, அதன் மேலே போகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எத்தனை மைல் நீளம், எத்தனை நிமிஷம் மிச்சம், எத்தனை கோடி செலவு என்று கணக்குப் போடுகிறார்கள். கீழே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பாரில்லை. பாலத்தடியில் மிஞ்சிய நிலத்தில் நாலு செடியை நட்டு, இரண்டு பெஞ்சு போட்டு, பூங்கா என்று பலகை மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது அதிகாரிகளின் எண்ணம்.

கணக்குத் தீரவில்லை என்கிறோம் நாம். பாலத்தடிப் பூங்கா அவசியந்தான், நல்லதுதான். ஆனால் அதை யார் கேட்டார்கள், யார் தீர்மானித்தார்கள், யார் அனுபவிக்கிறார்கள் என்பதே பிரச்னை. இதற்கு அமெரிக்காவின் ஸான் டியாகோ நகரத்துச் சிக்கானோ பூங்காவை விடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

வீடு இருந்த இடத்தில் தூண்

கலிபோர்னியா ராஜ்யத்தின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லைக்கருகே இருக்கிறது ஸான் டியாகோ. அங்கே கடலோரமாக லோகன் ஹைட்ஸ் என்ற தொழிலாளர் பேட்டை. மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கு வாழ்ந்து வந்தன. மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் உழைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். இந்த வம்சாவளியினரே தங்களைச் சிக்கானோக்கள் என்று பெருமையுடன் அழைத்துக் கொள்கின்றனர்.

அந்த ஜனங்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டது. முதலில் கடற்கரை போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தை ஒட்டிக் கடற்படையும் யுத்தத் தளவாடத் தொழில்களும் கரையை அடைத்துக் கொண்டன. 1950களில் நகரசபை தன் விதிகளை மாற்றியது. வீடுகளுக்கு நடுவே பழைய மோட்டார்களை உடைக்கும் கிடங்குகள் முளைத்தன. 1963ல் ஐந்தாம் எண் நெடுஞ்சாலை பேட்டையை இரு கூறாக வெட்டியது. 1969 ஆகஸ்டு 3ந் தேதி, வசதி படைத்த கொரொனாடோவுக்குப் போகும் பாலம் திறக்கப்பட்டது. 2 மைலுக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தின் தூண்கள் எங்கே ஊன்றப்பட்டன? வீடுகள் இருந்த இடத்தில்! ஆயிரக்கணக்கான ஜனங்கள் பேட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது.

பணக்காரர்களின் பங்களாக்களுக்கு நடுவே இப்படித் தூண்களை நட எந்த எஞ்சினியராவது துணிந்திருப்பாரா? ஏழையின் வீடு மட்டுந்தான் வரைபடத்தில் காலி மனையாகத் தெரிகிறது.

பன்னிரண்டு நாட்கள்

இத்தனையும் பறிகொடுத்த ஜனங்கள் கேட்டது என்ன? பாலத்தடியில் பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா. அவ்வளவுதான். 1969ல் நகரசபை சம்மதித்தது, இடமும் குறிக்கப்பட்டது. பிறகு? ஒரு வேலையும் நடக்கவில்லை.

1970 ஏப்ரல் 22ந் தேதி அந்த நிலத்துக்குப் புல்டோசர்கள் வந்தன. பூங்கா போட அல்ல; நெடுஞ்சாலைப் போலீசுக்கு நிலையம் கட்ட! நிலத்தைப் பறித்தவர்கள், பாக்கியிருந்த நிழலையும் போலீசுக்குக் கொடுக்கத் துணிந்தார்கள். யந்திரங்களைக் கண்ட ஒரு கல்லூரி மாணவர் ஓடிப்போய்ச் செய்தி சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தனர். பெரியவர்களும் பெண்களும் சேர்ந்தனர். கைகோர்த்துச் சங்கிலியாக நின்று யந்திரங்களை மறித்தனர். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து நிலத்தைக் கொத்தி, கள்ளிச் செடிகளையும் மலர்ச் செடிகளையும் நட்டனர். தந்திக் கம்பத்தில் தங்கள் கொடியை ஏற்றினர்.

12 நாள் அந்த நிலத்தை விட்டு அவர்கள் அசையவில்லை. கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. போலீஸ் நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா பிறந்தது!

1973ல் பாலத்தின் தூண்களில் சித்திரம் தீட்டும் வேலை ஆரம்பமாயிற்று. அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் அந்தப் பேட்டையில் வளர்ந்த ஓவியர் சால்வடோர் டோரஸ். வீட்டை இடித்த அதே சிமெண்டுத் தூண்கள், மெக்ஸிகோவின் பழங்கதைகளையும் தொழிலாளர் போராட்டங்களையும் சொல்லும் சித்திரங்களாயின. இன்று 80க்கு மேற்பட்ட ஓவியங்கள் அங்கே நிற்கின்றன. கடற்கரையும் வேண்டும் என்று அவர்கள் விடாமல் போராடியதன் பலனாக, 1990ல் கடலோரத்தில் ஒரு சிறு பூங்கா கிடைத்தது. பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீஸர் சாவெஸின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்க சர்க்காரே சிக்கானோ பூங்காவை தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. போலீஸ் நிலையம் கட்ட முனைந்த இடம், இன்று நாட்டின் பொக்கிஷமாம்!

தானம் வேறு, உரிமை வேறு

கனடாவின் டொரான்டோ நகரத்தில் கார்டினர் மேம்பாலச் சாலைக்குக் கீழே 2018 ஜனவரியில் பென்ட்வே என்ற பொது இடம் திறக்கப்பட்டது. 1.75 கிலோமீட்டர் தூரத்துக்கு வகுக்கப்பட்ட திட்டம் அது. பனிக்காலத்தில் அங்கே ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். 2015ல் ஒரு செல்வந்தத் தம்பதி 2.5 கோடி கனடா டாலர் கொடுத்ததால் அது கிளம்பியது. நல்ல காரியந்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: கொடையாளி வாய்க்காத பேட்டையின் கதி என்ன? பூங்கா என்பது தனவந்தரின் மனமிரங்கலுக்குக் காத்திருக்க வேண்டிய பொருளா? பாலம் கட்டப் பொதுப்பணம் இருக்கிறது. பாலத்தடியில் மட்டும் கஜானா வற்றிவிடுகிறதா?

பூங்காவோடு முடிந்ததா?

ஓயாத வண்டிச் சத்தத்துக்கும் புகைக்கும் அடியிலா குழந்தைகள் விளையாடுவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 அக்டோபர் 15ந் தேதி, கொரொனாடோ பாலத்திலிருந்து ஒரு வண்டி சிக்கானோ பூங்காவில் கூடியிருந்த கூட்டத்தின் மேல் விழுந்தது. 4 பேர் மாண்டனர். பாலத்தடி வாழ்க்கை எவ்வளவு அபாயமானது என்பதை மறைத்துப் பேச நாம் தயாரில்லை.

காற்றின் கதையும் அப்படியே. வீடுகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் நடுவே இடைவெளி வைக்க நகரசபை 2013ல் ஒரு திட்டம் நிறைவேற்றியது. கப்பல் தொழில் முதலாளிகள் பொறுப்பார்களா? கையெழுத்துச் சேகரித்து, நகரம் முழுவதற்கும் வாக்கெடுப்பு நடக்கச் செய்தனர். 2014 ஜூனில் திட்டம் தோற்றது. புகையைச் சுவாசிப்பது ஒரு பேட்டை. வாக்களித்தது ஊர் முழுவதும்! 2021 டிசம்பரில்தான் புதிய திட்டம் நகரசபையில் நிறைவேறிற்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பூங்கா, பறிபோன வீட்டுக்கு ஈடல்ல. நல்ல காற்றுக்கும் ஈடல்ல. அது அடுத்த உரிமையைக் கேட்க ஜனங்கள் கூடி நிற்கும் மைதானம்.

ஆகவே, எந்த நாட்டு நகரசபையானாலும் நாம் வற்புறுத்துவது இதுதான். பாலத்தடி நிலத்தில் என்ன வேண்டும் என்பதை அந்தப் பேட்டை ஜனங்கள் முடிவு செய்யட்டும், காண்டிராக்டர்கள் அல்ல. பூங்காவின் பேரால் அங்கே ஒதுங்கியிருக்கும் ஏழையையும், கடை போட்டுப் பிழைப்பவனையும் விரட்டக் கூடாது. முதலில் அவர்களுக்கு வீடும் இடமும் கொடுக்கப்பட வேண்டும். வேலிக்கும் கட்டணத்துக்கும் அங்கே இடமில்லை. விளக்கும் குடிதண்ணீரும் கக்கூசும் பொதுப்பணத்தில் வர வேண்டும். மேலே ஓடும் வண்டிகள் கீழே விழாமல் தடுக்க உறுதியான சுவர் வேண்டும்.

செடி நட மண்வெட்டி போதும். நட்ட செடியைக் காக்க, சேர்ந்து நிற்கும் ஜனங்கள் வேண்டும். லோகன் ஹைட்ஸ் தொழிலாளர்கள் 12 நாளில் காட்டிய பாடம் இது!