லீவு கணக்கும் மலைக் கணக்கும்

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி, நிர்வாகக் கணக்கில் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. ராகிக்கும் பட்டுத்தறிக்கும் பேர்போன இந்தப் பக்கத்தில் இன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளின் பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் போகிறவர்களில் பலருக்கு வார இறுதி என்றால் மலையேற்றம். சாவனதுர்காவில் தொடங்கும் ஆசை சிலரைக் கிளிமஞ்சாரோ வரை கொண்டுபோய் விடுகிறது.

தான்சானியாவில் நிற்கும் இந்த எரிமலையின் உயரம் 5,895 மீட்டர். ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. இருந்தும் கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும் என்று பெயர் வாங்கியிருக்கிறது. சிக்கலே இந்த நல்ல பெயரில்தான்.

ஆனேக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளிமஞ்சாரோ உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவில் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது டாக்டர்கள் சொல்லும் விதி.

மாராங்கு பாதையில் விற்கப்படும் ஐந்து நாள் பயணத்தைப் பார்ப்போம். முதல் இரவு சுமார் 2,700 மீட்டரில். இரண்டாம் இரவு 3,700. மூன்றாம் இரவு 4,700. அன்று நள்ளிரவிலேயே எழுந்து உச்சிக்கு ஏற வேண்டும். அதாவது டாக்டர்கள் சொல்வதைப் போல இரு மடங்கு வேகம். நடுவில் ஒரு நாள் தங்கிப் போகும் ஆறு நாள் திட்டமும் உண்டு. ஏழெட்டு நாள் எடுக்கும் வேறு பாதைகளும் உண்டு. ஆனால் பத்து நாள் லீவுக்குள் விமானப் பயணத்தையும் அடக்கப் பார்ப்பவர் கை வைப்பது இந்த ஓய்வு நாளில்தான். செலவும் மிச்சம்.

மலை இந்தக் கணக்கை ஏற்பதில்லை. தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும். அலட்சியம் செய்தால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். முதல் மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. தினமும் ஜிம்முக்குப் போகிற இளைஞனுக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் வேகமாக ஏறக்கூடிய அவனுக்குத்தான் ஆபத்து அதிகம். அங்குள்ள வழிகாட்டிகள் ஸ்வாஹிலியில் 'போலே போலே' என்று ஓதிக்கொண்டே இருப்பது அதனால்தான். மெல்ல மெல்ல என்று பொருள்.

தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பவர்களும் உண்டு. உச்சியில் எடுத்த போட்டோ இல்லாமல் ஆபீசுக்குத் திரும்புவது எப்படி? இந்த போட்டோ மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. எவரெஸ்டில் ஏறியதாகச் சொன்ன புனே போலீஸ் தம்பதி காட்டிய படங்கள், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த சத்யரூப் சித்தாந்தா எடுத்த படங்களைத் திருத்திச் செய்தவை என்று அம்பலமாயிற்று. நேபாள அரசு அந்தத் தம்பதிக்கு பத்தாண்டுத் தடை விதித்தது.

படத்தின் உண்மைச் சொந்தக்காரர் கதை வேறு மாதிரி. சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர் சத்யரூப். தமிழ்நாட்டின் பர்வதமலையில் ஏறியதுதான் அவருக்குத் திருப்புமுனை. 2012-ல் கிளிமஞ்சாரோ. 2015-ல் நேபாள நிலநடுக்கத்தால் எவரெஸ்ட் முயற்சி நின்றுபோனது. திரும்பி வந்தார், மறுவருஷம் மீண்டும் போய் ஏறினார். 2019 ஜனவரியில் அண்டார்டிகாவின் சிட்லி எரிமலையைத் தொட்டபோது, ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் உயர்ந்த எரிமலைகளையும் ஏறி முடித்தவர்களில் மிக இளையவர் ஆனார். அப்போது வயது 35. முதல் எரிமலையிலிருந்து கடைசி எரிமலைக்கு ஏறத்தாழ ஏழு வருஷம்.

கிளிமஞ்சாரோவுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் ஏஜெண்டிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. மலையில் எத்தனை இரவு, எந்தெந்த உயரத்தில் என்பதை. கூட ஒரு நாள் லீவு தர மேனேஜர் மறுத்தால், பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம். மலை அங்கேயேதான் இருக்கும்.