கலையின் கணக்கும் நெசவாளியின் கேள்வியும்

நாட்டியத்துக்கும் ஆரணித் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைத் திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்ரா எவ்வளவு மானியம் பெற்றால் என்ன? அதை எப்படிச் செலவிட்டால் என்ன? கமண்டல நதிக்கரை ஊரில் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து, பொழுது விடிந்தது முதல் நாடா ஓட்டுகிறவருக்கு அதில் என்ன அக்கறை? இவ்வாறு எண்ணுவது தவறு என்பது நமது திடமான அபிப்பிராயம். நெசவாளி ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் வரி செலுத்துகிறார். அந்த வரிப்பணத்தின் ஒரு துளி டில்லி சென்று, கலாசார இலாகாவின் மானியமாகத் திருவான்மியூருக்குத் திரும்புகிறது. கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையோடு, தறிக்கும் நாட்டியத்துக்கும் பழைய பந்துத்துவம் ஒன்றும் உண்டு.

ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ம் வருஷத்தில் அடையாற்றில் கலாக்ஷேத்ராவை ஸ்தாபித்தார். 1937-லேயே அங்கே நெசவுப் பகுதி ஆரம்பமாகிவிட்டது. சலங்கை கட்டிய பாதமும் தறி மிதிக்கும் பாதமும் ஒரே கலையின் இரு அங்கங்கள் என்பது அந்த அம்மையாரின் கொள்கை. மேடையில் நாட்டியமாடும் பெண் அணிய வேண்டிய புடவையின் கரையையும் நிறத்தையும் அவரே சிந்தித்துத் தீர்மானித்தார். பழைய கரைகளும் முந்தானைகளும் மீண்டும் தறி ஏறின. கலாக்ஷேத்ராப் புடவை என்ற பெயரே ஒரு முத்திரையாயிற்று. தமிழுக்கும் அவர் செய்த உதவி சிறிதன்று. மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் திரட்டிய சுவடிகள் சிதறாதபடி 1943-ல் அவர் பெயரால் ஒரு நூல் நிலையம் எழுந்தது ருக்மிணி தேவியின் முயற்சியால்தான். 1960-களின் தொடக்கத்தில் ஸ்தாபனம் திருவான்மியூருக்குக் குடிபெயர்ந்து, மணல்வெளியாகக் கிடந்த சுமார் நூறு ஏக்கர் நிலத்தைச் சோலையாக்கியது.

இத்தகைய ஸ்தாபனங்கள் எதைக் கொண்டு உயிர் வாழ்கின்றன? கலையை வளர்க்க விரும்பிய பெரியோர் அனைவரையும் வாட்டிய கேள்வி இது. மகாகவி தாகூர், எழுபத்தைந்து பிராயத்தை எட்டும் தள்ளாமையில், விசுவபாரதிக்கு நிதி திரட்ட நாட்டியக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். 1936-ல் டில்லியில் அந்த நிலையைக் கண்டு மனம் பொறாத காந்தியடிகள், அறுபதினாயிரம் ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்து, இனி இந்த வயதில் அலைய வேண்டாமென்று கவியைத் தடுத்தார். மலையாளத்தில் மகாகவி வள்ளத்தோள், கதகளிக்காகக் கலாமண்டலம் காண லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் சேர்த்தார். 1930-ல் தோன்றிய அந்த ஸ்தாபனத்தை 1941-ல் கொச்சி சர்க்காரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. விசுவபாரதியும் 1951-ல் பார்லிமெண்டின் சட்டத்தால் தேசத்தின் பொறுப்பாயிற்று. ருக்மிணி தேவி 1986-ல் காலமானார். ஏழு வருஷங்கள் சென்று, 1993-ம் வருஷத்துக் கலாக்ஷேத்ரா பவுண்டேஷன் சட்டத்தின் மூலம் அவருடைய ஸ்தாபனமும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாகப் பிரகடனம் செய்யப்பெற்றது.

ஜனங்கள் விரும்பினால் டிக்கட் வாங்கிப் பார்க்கட்டும், விரும்பாவிட்டால் மூடிவிடட்டும், சர்க்கார் பணம் எதற்கு என்று வாதிப்போர் இன்றும் உண்டு. வில்லியம் பௌமல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள் 1966-ல் வெளியிட்ட நூல் இவர்களுக்குத் தக்க விடை. யந்திரத் தொழிலில் ஒரு மனிதனின் உற்பத்தி வருஷத்துக்கு வருஷம் பெருகுகிறது. அதனால் கூலி உயர்ந்தாலும் பொருளின் அடக்க விலை கட்டுக்குள் நிற்கிறது. மேடைக் கலையில் அப்படியன்று. குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்ரா 1944-ல் மேடையேற்றியபோது எத்தனை பேர், எத்தனை நாழிகை தேவைப்பட்டனரோ, இன்றும் ஏறக்குறைய அத்தனை பேர், அத்தனை நாழிகை தேவை. மிருதங்கத்தை இரண்டு மடங்கு வேகமாக வாசித்து நேரத்தை மிச்சப்படுத்த முடியாது. வாசிப்பவரின் வீட்டு வாடகையும் அரிசி விலையுமோ உலகத்தோடு சேர்ந்து ஏறுகின்றன. ஆகவே வரவுக்கும் செலவுக்கும் இடையே பள்ளம் விழுந்துகொண்டே இருக்கும். அது நிர்வாகிகளின் ஊதாரித்தனத்தால் மட்டும் வருவதன்று. தொழிலின் இயல்பிலேயே இருப்பது.

ஆரணி நெசவாளிக்கு இதை விளக்க எந்த நிபுணரும் வேண்டியதில்லை. பாவு ஓட்டி, தார் சுற்றி, ஜரிகை கோத்து ஒரு பட்டுப் புடவையை நெய்து இறக்க அவருடைய பாட்டனாருக்கு எத்தனை நாள் ஆயிற்றோ, அவருக்கும் கிட்டத்தட்ட அத்தனை நாள் ஆகிறது. பக்கத்தில் விசைத்தறி பறக்கிறது. நாட்டியத்துக்குச் சினிமா எப்படியோ, கைத்தறிக்கு விசைத்தறி அப்படி. நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. அதனால்தான் 1985-ல் கைத்தறிக்குச் சில ரகங்களை ஒதுக்கிப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அது செல்லாது என்று விசைத்தறிக்காரர்கள் தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும் என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கலாக்ஷேத்ராச் சட்டம் பிறந்ததும் அதே வருஷத்தில் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தறியைச் சந்தையின் தயவில் மட்டும் விடலாகாது என்று நீதி கேட்கும் நாம், நாட்டியத்தை மட்டும் சந்தையில் தள்ளிவிடச் சொல்வது நியாயமாகாது. கலாக்ஷேத்ராவுக்கு மானியம் வேண்டும், குறையவும் கூடாது. இது நமது முதல் வாதம்.

எதிர்க்கரையில் வேறொரு கூட்டம் நிற்கிறது. கலை தெய்வீகமானது, அதனிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்பது அவர்கள் பேச்சு. இதையும் நாம் ஒப்புவதற்கில்லை. கோயிலுக்கே கணக்கு உண்டு, கூத்தரங்குக்கு இல்லையா? சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. நிர்வாக சபை, கல்விக் குழு, நிதிக் குழு என்று அதிகாரம் வகுக்கப்பட்டிருக்கிறது. தணிக்கைத் தலைவரின் பரிசோதனைக்குப் பிறகு கணக்குகள் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் வைக்கப்பட வேண்டும். டில்லி மானியமும் ஒரே மூட்டையாக வருவதில்லை. சம்பளத்துக்கு, பொதுச் செலவுக்கு, மூலதன ஆஸ்திகளுக்கு என்று பிரித்தே வருகிறது. ஒன்றுக்கென வந்ததை மற்றொன்றில் போடுவதற்கில்லை. செலவழித்ததற்குச் சான்றும் அனுப்ப வேண்டும். மாணவர் சம்பளம், அரங்க வசூல், புடவை விற்பனை, நன்கொடை, வைப்புநிதியின் வட்டி ஆகியவை தனி வரவு.

கட்டு இவ்வளவும் இருந்தும், காகிதக் கணக்கு மட்டும் போதாது என்பதை 2023-ம் வருஷம் காட்டியது. பாலியல் தொந்தரவு பற்றிய புகார்களுக்கு நியாயம் கேட்டு அந்த வருஷம் மாணவ மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராட வேண்டியிருந்தது. கல்வியில் அச்சம் கூடாது, கலையில் ஆபாசம் கூடாது என்பவை ஸ்தாபகர் வகுத்து, சட்டமும் ஏற்றுக்கொண்ட இரு நெறிகள். முதல் நெறி தளர்ந்தால் மானியத்தின் ஒவ்வொரு ரூபாயும் பழுதுபட்ட ரூபாயே. பெண் குழந்தைகளை நம்பி அனுப்பும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு, தணிக்கையாளருக்குக் காட்டும் கணக்கைவிடப் பெரியது.

இனி, நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, கணக்கு தமிழில் வர வேண்டும். பார்லிமெண்டில் வைக்கப்படும் அறிக்கைகள் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் வைக்கப்படுவது முறை. திருவான்மியூர் மண்ணில் நிற்கும் ஸ்தாபனத்தின் வரவு செலவு, அந்த மண்ணின் பாஷையிலும் வருஷந்தோறும் அச்சாகி, கூட்டுறவுச் சங்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டக்கூடிய நிலையில் நமக்கு வந்து சேர வேண்டும். புரியாத பாஷையில் காட்டிய கணக்கு, காட்டாத கணக்கே ஆகும்.

இரண்டாவது, நிகழ்ச்சிகள் வெளியே வர வேண்டும். மார்கழி மாதத்துச் சென்னைக்குச் சபைகள் ஏராளம். நெசவூர்களுக்குப் போவதை, யாரேனும் அழைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வரவு செலவுத் திட்டத்தில் அதற்கெனத் தனிப் பத்தியே இருக்க வேண்டும். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் காஞ்சீபுரத்திலும் வருஷத்தில் சில இரவுகள் கலாக்ஷேத்ரா ஆட வேண்டும். அதே மேடையில் நம் ஜில்லாவின் தெருக்கூத்துக்கும் இடம் வேண்டும். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரை அடவும் அடைசலும் குன்றாமல் கூத்தை வளர்த்து வந்திருக்கிறது. காஞ்சீபுரத்தருகே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் கற்பித்த கட்டைக்கூத்துக் குருகுலம், 2002-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. பெரிய ஆலமரம் நிற்பது நல்லதே. அதன் நிழல் பக்கத்துச் செடிகளுக்கும் பயன்பட வேண்டும்.

மூன்றாவது, ஸ்தாபகரின் பழைய பந்துத்துவம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. நெசவாளியின் மகனும் மகளும் திருவான்மியூரில் தங்கி வடிவமைப்பும் சாயக்கலையும் பயில உபகாரச் சம்பளம் ஏற்படுத்தலாம். நாட்டிய மாணவர்கள் ஒரு மாதம் ஆரணித் தறிவீடுகளில் வந்திருந்து, தாம் உடுத்தும் புடவை எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்று அறியலாம். இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை, மனம்தான் வேண்டும்.

கடைசியாக, நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. உரிமை கேட்பவன் கடமையையும் ஏற்க வேண்டும். சர்க்காரும் சென்னையும் எல்லாம் செய்யட்டும் என்று ஆரணி கைகட்டி நிற்பது அழகன்று. கல்யாண மண்டபங்களுக்கு லக்ஷக்கணக்கில் இறைக்கும் இவ்வூர்ப் பட்டு வியாபாரிகள், விற்கும் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், ஊருக்கென ஓர் அரங்கு எழும். அந்த நிதியை ஒரு தனவந்தரின் பெட்டியில் வைக்காமல், நெசவாளிகளும் அங்கம் பெற்ற ஒரு டிரஸ்டிடம் ஒப்புவித்து, மாதந்தோறும் வரவு செலவை அரங்கின் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். கலாக்ஷேத்ராவிடம் நாம் கேட்கும் ஒழுங்கை முதலில் நாமே செய்து காட்டுவோம். பிறகு நமது கேள்விக்குத் திருவான்மியூரும் டில்லியும் விடை சொல்லாமல் தப்ப முடியாது.