பெட்டி வந்தது, இணையம் வந்ததா?

நாம் மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணுகிறோமே, அந்த வருமானத்தில் 5 சதவீதத்தை செல்போன் கம்பெனிகள் அரசுக்குக் கட்டுகின்றன. கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு வசதி போக வேண்டும் என்று 2002-இல் தொடங்கிய நிதி அது. இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர். பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் வருவது இந்தக் காசில்தான். ஆக, இது யாரும் போடும் தானம் இல்லை, நம்ம பணம்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடும். கேபிள் அறுந்தால் யாரிடம் சொல்வது என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியவில்லை. வங்கியில் இருந்தபோது, கிணறு வெட்டக் கடன் கேட்டு வருபவரிடம் "மோட்டாருக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். இங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இயற்கை விவசாயிக்கு இதில் என்ன கவலை? பி.ஜி.எஸ். சான்றுக்கு ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் போதும். ஆனால் குழுப் பதிவு, வயல் ஆய்வு விவரம் எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்காகக் களையெடுப்பை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறுகிறோம். சான்று இல்லாத கிச்சிலிச் சம்பா வியாபாரிக்கு வெறும் நெல்தானே!

அக்டோபர் 2 கிராம சபையில் கேளுங்கள்: இந்த வருஷம் எத்தனை நாள் லைன் வேலை செய்தது? பழுது பார்க்க யார் பொறுப்பு? பள்ளிக்கும் நூலகத்துக்கும் எப்போது இழுப்பீர்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறாது.